ரசனை காப்பாற்றிய மரவாலை

நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ரம் புட்டி ஒன்று ஏழெட்டு மாதமாக என் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. சீட்டில் பெரிதாக 'பி.எம்.' என்ற இரண்டெழுத்து. போர்ட் மோரண்ட் என்பதன் சுருக்கம். தென் அமெரிக்காவின் வட கரையில், கயானா நாட்டில், பெர்பீஸ் பகுதியில் உள்ள ஒரு கரும்புத் தோட்டத்தின் பெயர் அது. அந்தத் தோட்டத்தில் ரம் வடிப்பது நின்று வெகுகாலமாகிறது. வடித்த பாத்திரம் மட்டும் வேறிடத்தில் இருந்துகொண்டு, பழைய ஊரின் பெயரிலேயே இன்னும் வடித்துக்கொண்டிருக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை, சில சமயம் இரண்டு முறை, சிறிய தம்ளரில் கொஞ்சம் ஊற்றி வைத்துக்கொண்டு உட்காருவேன். அந்த மாலைகளில் யோசித்ததை எழுதுகிறேன். ரம்மில் தொடங்குகிற பேச்சு ரசனையில் போய் முடிகிறது. நம் பத்திரிகைகளில் ரசனை என்ற சொல் படுகிற பாட்டைப் பார்க்கும்போது, அதை இப்படிச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதில் தவறில்லை என்று தோன்றுகிறது.

முதலில் பாத்திரத்தைச் சொல்ல வேண்டும். வாலை என்ற சொல்லைச் சித்த வைத்தியர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள். தீநீர் இறக்கும் கருவி அவர்களுக்கு வாலையந்திரம். புளிக்கப் போட்டதற்கு 'ஊறல்' என்ற பெயரைச் சாராயம் காய்ச்சுகிறவர்கள் வைத்திருக்கிறார்கள். ரம்மின் ஊறல் சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற மொலாசஸைத் தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைத்தது. அதைப் பானையில் ஊற்றிச் சூடேற்றினால் தண்ணீருக்கு முன்னால் சாராயம் ஆவியாகிறது. குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்து சொட்டுகிறது. ஒரு பானை, ஒரு கழுத்து, ஒரு குளிர்ந்த குழாய். பானை வாலை என்பது இவ்வளவுதான். ஒவ்வொரு ஈடுக்கும் நிரப்பி, வடித்து, கழிவைக் கொட்டி, மறுபடி நிரப்ப வேண்டும். ஆளும் நேரமும் எரிபொருளும் தின்கிற முறை.

சாராயத்தோடு வேறு பொருள்களும் ஏறி வருகின்றன. எஸ்டர்கள், அமிலங்கள், கனமான எண்ணெய்த்தன்மை கொண்ட பிற ஆல்கஹால்கள். முதலில் வருவது மூக்கைக் குத்தும். கடைசியில் வருவது ஈரச் சாக்கின் வாடை அடிக்கும். இரண்டையும் ஒதுக்கி நடுவில் வருவதை எடுக்கிறார்கள். ஆனால் எங்கே வெட்டுவது, ஓரங்களில் எவ்வளவை விட்டுவைப்பது என்பதில்தான் வடிக்கிறவனின் கை இருக்கிறது.

1830இல் ஏனியஸ் காஃபி என்ற ஐரிஷ்காரர், கலால் இலாகாவில் அதிகாரியாக இருந்தவர், நிற்காமல் ஓடும் தூண்வாலை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு பக்கம் ஊறல் போய்க்கொண்டே இருக்கும். மறுபக்கம் சாராயம் வந்துகொண்டே இருக்கும். அதன் வழிவந்த இன்றைய தூண்வாலைகளில் 95 சதத்துக்கு மேல் கூடச் சுத்தமாக வடிக்கலாம். அவ்வளவு சுத்தமான சாராயத்தை முகர்ந்து பார்த்து அது கரும்பிலிருந்து வந்ததா தானியத்திலிருந்து வந்ததா என்று சொல்வது கடினம். உலகில் ரம் என்று விற்பதில் பெரும்பகுதி இன்று தூண்வாலைச் சரக்கு. நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதும் பெரும்பாலும் அதுவே. ரசாயனியின் பாஷையில், தூண்வாலை நீக்கிவிடுகிற பொருள்களுக்குப் பெயர் மாசு. பானை வாலை ரம்மை ருசிக்கிறவன் காசு கொடுத்து வாங்குவது அந்த மாசைத்தான்.

போர்ட் மோரண்டின் வாலை பானை வாலைகளிலும் தனி ரகம். அது மரத்தால் ஆனது. கயானாக் காடுகளில் வளரும் கிரீன்ஹார்ட் என்ற, தண்ணீரில் மூழ்கிவிடுகிற அளவுக்குக் கனமான மரத்தின் பலகைகளை வளையமிட்டுச் சேர்த்த இரண்டு பெரிய தொட்டிகள். பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்த பீப்பாய் மாதிரி இருக்கும். மேலே செம்புக் கழுத்து. முதல் தொட்டியில் ஊறலைக் காய்ச்ச, அதன் ஆவி இரண்டாவது தொட்டியில் உள்ள திரவத்துக்குள் போய்க் குமிழியிட்டு, மறுபடி எழுந்து, அப்புறம் குளிரப் போகிறது. செம்புப் பானையில் வடிக்கும்போது உலோகம் கந்தகம் சார்ந்த வாடைகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இங்கே ஆவி உரசிப் போகும் செம்பு குறைவு. அதனால் வருவது கனமான, கறாரான சரக்கு.

புட்டியிலிருந்து ஊற்றியதும் குடிக்கக் கூடாது. கால்மணி நேரம் அப்படியே விட வேண்டும். மூக்கைத் தம்ளருக்குள் நுழைத்தால் சாராயக் காட்டம் தவிர ஒன்றும் தெரியாது. சற்றுத் தள்ளி வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு முகர வேண்டும். எனக்கு முதலில் வருவது அதிமதுரம். நாட்டு மருந்துக் கடை டப்பாவைத் திறந்ததும் வருகிற வாசனை. கூடவே சோம்பு. அதற்குப் பின்னால் புதிதாகச் சீவிய பென்சில், பழைய புளி, தார். வாயில் இனிப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கருப்பட்டியின் நினைவு இருக்கிறது, கருப்பட்டியின் தித்திப்பு இல்லை. இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டால் காட்டம் தணிந்து, மிகவும் பழுத்த வாழைப்பழம் போல ஒன்று மேலே வருகிறது. விழுங்கிய பிறகு நாக்கின் ஓரங்களில் பாக்கு மென்ற துவர்ப்பு நிற்கிறது. நிறத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை. டெமராரா ரம்மின் பேர்போன கருமையில் பல சமயம் கருக்கின சர்க்கரையின் பங்கு பெரிது. கண் இந்த விஷயத்தில் நல்ல சாட்சி இல்லை. காலி தம்ளரைக் கழுவாமல் வைத்துவிட்டுக் காலையில் முகர்ந்தால், சாராயம் பறந்துபோன பிறகு மிஞ்சியதுதான் அந்த ரம்மின் உண்மையான சரீரம் என்று தெரியும்.

இதற்கு ரசனை என்று பெயர். இந்த மாதிரிக் குறிப்புகளை எழுதுவதற்கென்றே உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். மிக நுட்பமாக எழுதுகிறார்கள். அவர்களில் பலர் அதிமதுரத்தோடும் தாரோடும் நின்றுவிடுகிறார்கள். இன்னொரு தரப்பு இருக்கிறது: இந்தத் தம்ளரில் இருப்பது அடிமைகளின் ரத்தம், இதை ருசித்துப் பேசுவது பூர்ஷ்வா வக்கிரம் என்று சொல்கிற தரப்பு. இரண்டு தரப்பும் நமக்குப் புதிதல்ல. கவிதையைப் பற்றி நாம் போடுகிற சண்டையும் இதுவே. என்னால் இரண்டிலும் சேர முடியவில்லை. இந்த ரம்மில் ரத்தம் மணக்கிறது என்று நான் எழுத மாட்டேன். மணக்கவில்லை. மணப்பதாக எழுதுவது நாக்குக்கும் துரோகம், செத்தவர்களுக்கும் துரோகம். சரித்திரம் ருசியில் ஒரு கூடுதல் வாசனையாக வந்து சேர்வதில்லை. அது வேறு விதமாக வேலை செய்கிறது. மலிவாகவும் வேகமாகவும் வடிக்கத் தூண்வாலை வந்து இத்தனை காலமாகியும் இந்த மரவாலை ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்டால் அது தெரியவரும்.

இருப்பதற்குக் காரணம் லண்டனின் நாக்கு. பிரிட்டிஷ் கடற்படை தன் மாலுமிகளுக்குத் தினமும் ரம் அளந்து கொடுத்து வந்தது. 1740இல் வெர்னன் என்ற தளபதி, ஆளுக்கு அரைப் பைண்ட் ரம்மைத் தண்ணீர் கலந்து இரு வேளையாகக் கொடுக்கும்படி உத்தரவிட்டார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அளவு எட்டில் ஒரு பைண்டாக, சுமார் 70 மில்லியாக, குறைந்தது. 1970 ஜூலை 31இல் பங்கு அடியோடு நிறுத்தப்பட்டது. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நடந்த இந்தப் பட்டுவாடாவுக்கான கலவையில், பிற்காலத்தில் டெமராரா ரம் முக்கிய இடம் பிடித்தது. கலப்பவர்கள் ஒவ்வொரு தோட்டத்துச் சரக்கையும் பீப்பாய்மேல் பொறித்த எழுத்துகளால் அறிந்தார்கள். போர்ட் மோரண்டுக்கு பி.எம்.; என்மோர் தோட்டத்துக்கு ஈ.ஹெச்.பி. - எட்வர்ட் ஹென்றி போர்ட்டர் என்ற முதலாளியின் தலையெழுத்துகள். கலவையில் பி.எம்.மின் கனம் இல்லாவிட்டால் வாடிக்கைக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். இதே மாதிரி ஜமைக்காவில், ஜெர்மனி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரம்மின் மீது வரியை ஏற்றியபோது, சிறிதளவு ஊற்றினாலே பெருமளவு வெறும் சாராயத்துக்கு மணம் ஏற்றிவிடக்கூடிய உக்கிரமான ரம்களை வடிக்க ஆரம்பித்தார்கள். வாலைக் கழிவையே மறுபடி ஊறலில் சேர்த்துச் செய்கிற அந்தச் சரக்கு இன்றும் சுவைஞர்களால் கொண்டாடப்படுகிறது. எங்கோ ஒரு மூக்கும் எங்கோ ஒரு வரிக்கணக்கும் சேர்ந்து, கடலுக்கு அப்பால் எந்தப் பாத்திரம் நிற்க வேண்டும், எது உடைபட வேண்டும் என்று தீர்மானித்திருக்கின்றன.

கயானாவில் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான தோட்டங்கள். பல தோட்டங்களில் சொந்த வாலை இருந்தது. தோட்டங்கள் ஒன்றையொன்று விழுங்கி, ஆலைகள் மூடப்பட்டு, வடிசாலைகள் குறைந்துகொண்டே வந்தன. போர்ட் மோரண்ட் வடிசாலை 1950களில் மூடப்பட்டது. வாலையைக் கழற்றி, பக்கத்தில் உள்ள ஆல்பியனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கும் மூடியபோது டெமராரா ஆற்றுக்கு மேற்கே உள்ள இன்னொரு வடிசாலைக்கு. 2000ஆம் ஆண்டை ஒட்டி அதுவும் போனபோது, கிழக்குக் கரையில் டயமண்ட் என்ற இடத்துக்கு. நாட்டில் எஞ்சிய பழைய வாலைகளெல்லாம் இப்போது அங்கேதான். வெர்சேல் தோட்டத்தின் ஒற்றை மரவாலையும், என்மோரின் மரத்தாலான தூண்வாலையும் அங்கே நிற்கின்றன. பலகை இற்றுப்போனால் மாற்றுகிறார்கள். ஆகவே மரம் பழையதல்ல; வடிவம்தான் பழையது. மூன்று முறை குடிபெயர்ந்த ஒரு தொட்டிக்கு இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதன் ருசியை வேறு எதிலும் வருவிக்க முடியாது என்று சிலர் கண்டுபிடித்து வைத்திருந்ததுதான். ரசனை ஒரு பொருளைக் காப்பாற்றியது என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே தோட்டங்களில் ஆட்களும் இருந்தார்கள்.

பெர்பீஸ் முதலில் டச்சுக்காரர்களின் காலனி. 1763இல் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்து, கஃபி என்பவரின் தலைமையில் பல மாதங்கள் காலனியின் பெரும்பகுதியைத் தம் வசம் வைத்திருந்தார்கள். பிறகு பிரிட்டிஷார் வந்தார்கள். 1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. 1838 ஆகஸ்டில் உண்மையாகவே விடுதலை வந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பே, அந்த மே மாதத்தில், கல்கத்தாவிலிருந்து 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்' என்ற இரண்டு கப்பல்களில் ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிவிட்டார்கள். விடுதலையான ஆட்களுக்குப் பதில் ஆள் தயார். 1917 வரை சுமார் 2,39,000 பேர் இந்தியாவிலிருந்து கயானாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1845இலிருந்து சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. அப்படிப் போன தமிழர்களும் தெலுங்கர்களும் சுமார் 15,000 பேர். எல்லாருக்கும் அங்கே ஒரே பெயர்: மதராஸி. போர்ட் மோரண்டும் ஆல்பியனும் இருக்கிற கோரன்டைன் கரையில் மதராஸிகள் நிறையக் குடியேறினார்கள்.

கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஊர், உயரம் எல்லாம் அதில் இருக்கும். உடல் அடையாளம் என்று ஒரு கலமும் உண்டு. வடு, மச்சம், அம்மைத் தழும்பு. பீப்பாயை அறிவதற்கு இரண்டெழுத்து, ஆளை அறிவதற்குத் தழும்பு. ஐந்து வருஷ ஒப்பந்தம். வேலைக்கு வராவிட்டால் அது குற்றம், ஜெயில். தோட்டங்களில் மாஜிஸ்திரேட்டாக இருந்த டே வோ என்ற ஆங்கிலேயர் 1869இல் லண்டனுக்கு நீண்ட கடிதம் எழுதி இந்த அநியாயங்களை அம்பலப்படுத்த, அடுத்த வருஷம் விசாரணைக் கமிஷன் ஒன்று வந்தது. கமிஷன் வந்து போனது. கூலிக் கப்பல்கள் அதற்குப் பிறகும் 50 வருஷம் போல ஓடிக்கொண்டிருந்தன. இந்தக் காலத்தில் தோட்டக்காரர்கள் மதராஸிகளைப் பற்றிச் சொன்ன புகார்களில் ஒன்று, அவர்கள் குடிகாரர்கள் என்பது. சொன்னவர்களின் தொழில் ரம் வடிப்பது.

பீப்பாயில் வயதாகிற பி.எம். லண்டனுக்குப் போயிற்று. தோட்டத்து ஆள் குடித்தது வயதாகாத, மலிவான சரக்கு. கூலி வாங்கிய கையோடு ரம் கடையில் குடித்தது. அந்தக் கடைகளில் பெரும்பாலானவை மதீராத் தீவிலிருந்து வந்த போர்த்துகீசியர்கள் கையில் இருந்தன. குடித்தவன் கொடுத்த காசில் தீர்வையாக ஒரு பங்கு அரசாங்கத்துக்குத் திரும்பிப் போயிற்று. வடித்தவன் ருசிக்கவில்லை, ருசித்தவன் வடிக்கவில்லை என்று இதைச் சுலபமாகச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது முழு உண்மையாகாது. ரம்மோடு இன்னொரு உறவும் அங்கே இருந்தது, இருக்கிறது.

கோரன்டைன் கரையில் மதராஸிகள் மாரியம்மனுக்கும் காளிக்கும் கோயில் கட்டினார்கள். காளிமாயி பூஜை என்று அதற்கு அங்கே பெயர். தப்பு அடிக்கிறார்கள், வேப்பிலை உண்டு, சாமி வருகிறது, வந்த சாமி குறி சொல்கிறது, நோய் தீர்க்கிறது. அம்மனின் காவலுக்கு மதுரை வீரனும் முனீஸ்வரனும் நிற்கிறார்கள். அவர்களுக்குச் சுருட்டும் ரம்மும் படையல். இங்கே சாராயம் வாங்கி வைத்துப் பழகின சாமிகள். அங்கே தோட்டத்து ரம்மை ஏற்றுக்கொண்டார்கள். இதில் ஒரு வினோதமும் இல்லை. புட்டியைத் திறந்ததும் முதல் சொட்டைத் தரையில் விடுகிற வழக்கம் ஆப்பிரிக்க வம்சத்தவரிடமும் உண்டு, அது செத்தவர்களுக்கு. முதலாளியின் பெயர் பொறித்த பீப்பாயிலிருந்து வந்த சரக்கை இந்த இரண்டு ஜனங்களும் வேறு யாருக்கோ உரியதாக ஆக்கிக்கொண்டார்கள்.

தமிழ் அங்கே பேச்சுமொழியாக நிற்கவில்லை. சிறுபான்மையிலும் சிறுபான்மை, ஹிந்துஸ்தானியும் கிரியோல் ஆங்கிலமும் அதைக் கரைத்துவிட்டன. ஆனால் காளி கோயில்களில் தப்பு அடிக்கும்போது பாடுகிற பாட்டுகளில் தமிழ் இருக்கிறது. பாடுகிறவர்களுக்குப் பல வார்த்தைகளின் அர்த்தம் தெரியாது. தாத்தா பாடினார், அப்பா பாடினார், நானும் பாடுகிறேன் என்கிற மட்டில் அது வருகிறது. ஒலிகள் தேய்ந்துவிட்டன, சொற்கள் இடம் மாறிவிட்டன. பலகைகள் மாறி வடிவம் நிற்கிற மரவாலையின் கதைதான் இதுவும். ஒரு வித்தியாசம் உண்டு. வாலையைக் காப்பாற்றப் பணமும் கம்பெனியும் லண்டன் வாடிக்கையும் இருந்தன. பாட்டைக் காப்பாற்ற, படித்த ஹிந்துக்களே அநாகரிகம் என்று ஒதுக்கிய ஒரு வழிபாடு மட்டும் இருந்தது. அதை யாரும் ருசித்துப் பார்த்துக் குறிப்பு எழுதவில்லை. தேவைப்பட்டவர்கள் விடாமல் செய்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

என்மோர் என்ற பெயரை மேலே சொன்னேன். சுவைஞர்கள் மிக மரியாதையோடு உச்சரிக்கிற பெயர். 1948 ஜூன் 16 அன்று அங்கே, வெட்டிய கரும்பைத் தாங்களே படகிலும் ஏற்ற வேண்டும் என்ற முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகள் மீது போலீஸ் சுட்டது. ஐந்து பேர் செத்தார்கள். போர்ட் மோரண்டில் பிறந்து, பின்னாளில் கயானாவின் ஜனாதிபதியான செட்டி ஜகன், அந்தச் சாவு தன் அரசியல் வாழ்வைத் தீர்மானித்தது என்று எழுதியிருக்கிறார். 1970களின் நடுவில் தோட்டங்கள் தேசவுடைமையாயின. 2017இன் முடிவில், நஷ்டம் என்ற காரணத்தால், என்மோர் சர்க்கரை ஆலை மூடப்பட்டது. அங்கும் மற்றத் தோட்டங்களிலுமாக ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. என்மோரின் மரத்தூண்வாலை அப்போதும் டயமண்டில் ஓடிக்கொண்டிருந்தது. நஷ்டம் தருகிற பழைய வாலை என்று அதை யாரும் கழித்துவிடவில்லை. என்மோர் என்ற ருசியை உலகம் கேட்கிறது. என்மோர் என்ற ஊரை யாரும் கேட்கவில்லை.

இதனால் ரசனை பொய், ரசனையை விட்டுவிட வேண்டும் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. அந்த மரவாலை உடைபட்டிருந்தால் கயானாவில் யாருக்கும் எதுவும் கூடுதலாகக் கிடைத்திருக்காது. உலகத்தில் ஒரு நல்ல விஷயம் குறைந்திருக்கும். மாசு என்று கழித்துவிடக்கூடிய ஒன்றில் ஓர் ஊரின் முகவரி இருக்கிறது என்று அறிகிற நாக்கு மதிப்புள்ளது. நான் சொல்ல விரும்புவது வேறு. நாம் ரசனையை எப்போதும் ஏற்பதாகவே நினைக்கிறோம். எங்கோ உண்டானது நம்மிடம் வந்து சேர்கிறது, நாம் அதை நன்றாகவோ மோசமாகவோ அறிகிறோம் என்று. ரசனை அப்படிச் சும்மா இருப்பதில்லை. அது தேர்ந்தெடுக்கிறது. தேர்ந்தெடுத்ததைக் கழற்றி, வண்டியிலேற்றி, ஆற்றைக் கடத்தி, மறுபடி பூட்டி வைக்கிறது. தேர்ந்தெடுக்காததை அது அழிப்பதில்லை. திரும்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவே. ஆனால் விளைவு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. எதை எவ்வளவு நுட்பமாக ரசித்தான் என்று விமர்சகனைக் கேட்கிறோம். அவன் ரசனை எதைக் காப்பாற்றியது, எதன் பக்கம் திரும்பாமல் இருந்தது என்றும் கேட்க வேண்டும். இலக்கியப் பத்திரிகை நடத்துகிற நாமும் இந்தக் கேள்விக்கு வெளியே இல்லை.

புட்டியில் இன்னும் கால்பங்கு இருக்கிறது. நண்பர் மறுபடி கயானாப் பக்கம் போகிறாராம். இன்னொரு பி.எம். வேண்டுமா என்று கேட்டு எழுதியிருந்தார். வேண்டும் என்று எழுதினேன். கூடவே, கோரன்டைன் கரையில் ஞாயிற்றுக்கிழமைப் பூஜை நடக்கிற கோயில் ஒன்றுக்குப் போய், அவர்கள் சம்மதித்தால், அந்தப் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டு வரும்படியும் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் எத்தனை வார்த்தை புரியும் என்று தெரியவில்லை. உட்கார்ந்து கேட்க வேண்டும்.